விக்கிரமங்கலத்துப் பெட்டி

அரியலூரில் பெரம்பலூர் பஸ் கிளம்பும்போதே மழை பிடித்துக்கொண்டது. ஓடிவந்து ஏறிய ஃபஹ்மிதா, வழியில் கிடந்த பெட்டி தடுக்கி விழப் பார்த்தாள்.

“பெட்டிய இப்படியா வைப்பாங்க?”

“மன்னிச்சிடுங்க.”

பெட்டியை மடிமேல் தூக்கி வைத்துக்கொண்டவனைப் பார்த்தாள். பல நாள் தூங்காத கண்கள்... அழகாகவும் இருந்து தொலைத்தன.

பெட்டியில் கயிறு கட்டி, மேலே மார்க்கரில் ‘மணிவண்ணன் வீட்டுக்கு, விக்கிரமங்கலம்’ என்று எழுதியிருந்தது. வீட்டுக்கு ஒருவர் சவுதியில் இருக்கும் லப்பைக்குடிக்காட்டுக்காரிக்கு இது புதிதா? சவுதியிலிருந்து லீவில் வருகிறவன் அங்கே இருக்கும் சிநேகிதனின் சாமானையும் சுமந்து வருவான். வந்ததும் முதல் வேலையாக அதை உரிய வீட்டில் சேர்த்துவிடுவான்.

போன் அடித்தது. அம்மா.

“சரிம்மா... வெள்ளிக்கிழம போயி சைக்காலஜி எம்.எஸ்ஸி. திருச்சியிலயே சேந்துக்கறேன். தினம் போயிட்டு வந்துடறேன்.”

கோயம்புத்தூரிலும் சீட் கிடைத்திருந்தது. அங்கே ஆஸ்பத்திரியில் நோயாளிகளோடு உட்கார்ந்து பழகலாம். திருச்சியில் வெறும் புத்தகம்தான். வெள்ளிக்கிழமைக்குள் முடிவு சொல்லியாக வேண்டும்.

“சைக்காலஜியா? பைத்தியத்துக்குப் பாக்குற படிப்புதானே?” என்றான் அவன்.

சுருக்கென்றது அவளுக்கு. “லீவுல வந்தா ஊருக்கே புத்தி சொல்லணுமா? மொதல்ல அந்தப் பெட்டியக் கொண்டுபோய்க் குடுங்க.”

அவன் முகம் செத்துவிட்டது. பெட்டிக் கயிற்றை நெருடிக்கொண்டே சொன்னான்.

“என் பேரு நசீர். இது சவுதில ரூம்ல எங்கூட இருந்தவன் பெட்டிங்க. சோறு திங்கல, பேசல... ‘படுத்துத் தூங்குடா, சரியாயிடும்’னு சொல்லிட்டு டூட்டிக்குப் போயிட்டேன். வந்து பாத்தா உசுர மாச்சுக்கிட்டான். இந்தப் பெட்டியோட இன்னிக்கும் சேத்து மூணு தடவ அவங்க ஊருக்குப் போயிட்டேன். பஸ்ஸ விட்டு எறங்கக் கால் வரல.”

ஃபஹ்மிதாவின் கண் நிறைந்தது. வாயைக் கொடுத்தோமே என்று தன்மேலேயே ஆத்திரம் வந்தது.

“அவன்கிட்ட நான் என்ன பேசியிருக்கணுங்க?”

“எனக்கும் தெரியல... கோயம்புத்தூர்ல சொல்லித் தருவாங்க.”

“அப்புறம் ஏன் திருச்சி?”

“ஹாஸ்டல்ல இருந்த பொண்ண யாரு கேட்டு வருவாங்கன்னு அம்மாவுக்குப் பயம்.”

பெரம்பலூர் வந்துவிட்டது. இறங்கும்போது மெல்லச் சொன்னாள், “பெட்டியக் குடுத்துடுங்க. நீங்க எதுவும் பேச வேணாம். அவங்க பக்கத்துல உக்காந்தா போதும்.”

வெள்ளிக்கிழமை பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் தூறிக்கொண்டே இருந்தது. காலேஜில் சேரத் திருச்சி பஸ்ஸுக்கு நின்றவளைத் தேடி நசீர் வந்தான். கையில் பெட்டி இல்லை.

“குடுத்துட்டேங்க. அவன் சட்டைய மடியில வச்சுக்கிட்டே அவங்கம்மா எனக்குச் சோறு போட்டாங்க. திட்டியிருந்தா தேவலாம்போல இருந்துச்சு...”

அதற்கு மேல் முடியாமல் அழுதான். ஆம்பளை அழுவதை பஸ் ஸ்டாண்டே வேடிக்கை பார்த்தது. அவள் நகராமல் பக்கத்திலேயே நின்றாள். திருச்சி பஸ் வந்தது, போயும் விட்டது.

அவள் போனை எடுத்தாள்.

“அம்மா, நான் கோயம்புத்தூருக்கே போறேன். யாரும் கேட்டு வரலன்னா போவட்டும்மா.”

அந்தப் பக்கம் அம்மா அழ ஆரம்பித்தாள்.

“நான் வருவேங்க” என்றான் நசீர், தரையைப் பார்த்தபடி. “உங்கள எனக்குப் புடிச்சிருக்கு.”

“படிப்பு முடிய ரெண்டு வருஷம் ஆவும்...”

“எனக்கும் அடுத்த லீவு அப்பதாங்க. நாளைக்குக் கெளம்புறேன்.”

மறுபடி அந்தத் தூங்காத கண்கள்... அவற்றைத் தனியாக அனுப்ப அவளுக்கு மனம் வரவில்லை.

“எனக்கும் புடிச்சிருக்கு” என்றாள். “தூக்கம் வரலன்னா போன் பண்ணுங்க. படுத்துத் தூங்குங்கன்னு சொல்ல மாட்டேன்.”