சாயம் ஏறாத சட்டை

கறுப்புச் சாயம் கரைத்த தண்ணீர் தெளிந்துபோயிருந்தது.

அவள் அடுப்பைத் தணித்துவிட்டுக் குனிந்து பார்த்தாள். சற்று முன்புதான் அந்தப் பெரிய அலுமினியப் பானையில் ஒரு பொட்டலம் கறுப்புப் பொடியைக் கொட்டி, இரண்டு கை உப்பு அள்ளிப் போட்டு, கணவனின் வெளிர்நீலச் சீருடைச் சட்டையை முக்கியிருந்தாள். சாயத்தின் காட்டமான வாடை சமையலறை முழுக்க நின்றது. மழைக்காகச் சாத்திய ஜன்னல் கண்ணாடியில் ஆவி படிந்து கோடுகோடாய் வழிந்துகொண்டிருந்தது. ஆனால் பானைக்குள் அடிவரை தெரிந்தது. குழாய்த் தண்ணீரில் ஊறப்போட்டதுபோல் சட்டை அதே நீலத்தில் கிடந்தது. மார்பிலிருந்து வயிறுவரை பரவிய பழுப்புக் கறையும் அப்படியே இருந்தது.

கடைக்காரர் காலாவதியான பொடியைத் தன் தலையில் கட்டிவிட்டார் என்று நினைத்தாள். அப்படி நினைப்பது ஆறுதலாக இருந்தது.

அவள் கணவன் ஒரு மருந்துக் கம்பெனியில் வேன் ஓட்டுகிறவன். முதல்நாள் சாயங்காலம் கிளம்பிப் போனவன், விடிந்து வெகுநேரம் கழித்துத்தான் வந்தான். மழைக்கோட்டுக்குள் வெற்றுடம்பு. சட்டை ஒரு பிளாஸ்டிக் பையில் சுருண்டிருந்தது. நாய் ஒன்று குறுக்கே வந்து அடிபட்டுவிட்டதாகவும், தூக்கி ஓரமாகப் போட்டபோது சட்டையில் பட்டதாகவும் சொன்னான். பழையதைத் திருப்பிக் கொடுக்காமல் கம்பெனியில் புதுச் சீருடை தரமாட்டார்கள், கறுப்பு போட்டால் கறை தெரியாது, யாரும் எதுவும் கேட்கப்போவதில்லை, இன்றைக்கே சாயம் போட்டுவிடு என்றான். தின்றுவிட்டுப் படுத்தான். படுத்தவுடன் குறட்டை.

நாய்க்கு அவ்வளவு ரத்தமா என்று அவள் கேட்கவில்லை. அந்த வீட்டில் கேள்விக்குப் பதில் புறங்கையால்தான் வரும்.

இரண்டாவது பொட்டலத்தைக் கத்தரிக்கப் போனபோது கதவு தட்டும் சத்தம் கேட்டது. மேல்மாடியில் இருக்கும் நர்ஸின் அக்கா வந்து நின்றாள். தலை வாரியிருக்கவில்லை. கையில் போன்.

"தங்கச்சி நேத்து டியூட்டிக்குக் கிளம்பினா. ஆஸ்பத்திரிக்கே போகலையாம். போனும் எடுக்கல."

அவள் கதவை அரைவாசி மட்டும் திறந்து பிடித்திருந்தாள். உள்ளேயிருந்து சாய வாடை இருவருக்கும் நடுவில் வந்து நின்றது.

"மழையா இருந்துச்சே, உங்க வீட்டுக்காரர் வேன் பக்கத்துல நின்னு பேசிட்டிருந்தாளாம். வாட்ச்மேன் சொன்னார். அவர் இருக்காரா?"

"தூங்குறார்." தன் குரல் எங்கிருந்தோ வருவதுபோல் அவளுக்கே கேட்டது. "எழுந்ததும் கேட்டுச் சொல்றேன்."

அக்கா தலையாட்டிவிட்டுப் படியேறினாள். செருப்புச் சத்தம் மேலே போய் மறையும்வரை அவள் கதவிலேயே சாய்ந்து நின்றாள்.

அந்த நர்ஸை அந்தக் கட்டடத்தில் எல்லோரும் தெற்றுப்பல் என்றுதான் கூப்பிடுவார்கள். அவளும் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்ப்பாள். போன மாதம் கிழிந்த உதட்டோடு குப்பை கொட்டப் போன இவளை மாடிப்படியிலேயே உட்காரவைத்துப் பஞ்சால் துடைத்து மருந்து போட்டது அந்த நர்ஸ்தான். மறுநாள் இவள் கணவனை வழிமறித்து, இன்னொரு தடவை கை வைத்தால் நானே போலீசுக்குப் போவேன் என்று சொன்னதும் அவள்தான். அவன் அன்று பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கிப் போனான்.

அவள் ரப்பர் கையுறையை மாட்டிக்கொண்டு பானைக்குத் திரும்பினாள். இரண்டாவது பொட்டலம். தண்ணீர் மையாகக் கறுத்தது. மரக்குச்சியால் கிளறினாள். சட்டை நனைந்த துணியின் கனமாக இல்லை. ஆள் கனம் கனத்தது. கிளறக் கிளறக் கறுப்பு இளகி, சாம்பலாகி, யாரோ அடியில் வாய் வைத்து உறிஞ்சுவதுபோல் இறங்கிக்கொண்டே போய், மறுபடியும் பளிங்காய்த் தெளிந்தது.

பானையின் அடியில் ஏதோ உலோகத்தில் தட்டியது. டிக். குச்சியை நிறுத்தினாள். கொதியில் அது தானாகவே நகர்ந்து, மறுபடி தட்டியது. டிக். சட்டைப்பையிலிருந்து விழுந்திருக்க வேண்டும்.

கரண்டியால் அள்ளினாள். சட்டைப் பொத்தான் என்றுதான் நினைத்தாள்.

பல். வேரோடு வந்த பல். கோரைப்பல்லின் கூர்மை, லேசான வளைவு, வேரில் ஒட்டிய சதைத் துணுக்கு வெந்து வெளுத்திருந்தது.

கரண்டியை மேடைமேல் மெதுவாக வைத்தாள், குழந்தையைக் கிடத்துவதுபோல். பிறகுதான் கவனித்தாள், குறட்டைச் சத்தம் நின்றிருந்தது.

படுக்கையறையில் திரை போட்ட இருட்டு. மின்விசிறி கடகடத்தது. அங்கேயும் அதே வாடை, சமையலறையைவிடக் காட்டமாக. போர்வைக்கு வெளியே அவன் பாதங்கள் நீட்டிக்கொண்டிருந்தன. சேறு என்று எண்ணினாள். கிட்டே போனாள். நகங்கள் கறுப்பு. உள்ளங்கால் கறுப்பு. போர்வையின் நுனியைத் தூக்கிப் பார்த்தாள். முழங்கால் தாண்டி, தொடை தாண்டி, நனைந்த துணியில் ஏறுவதுபோல் அது ஏறியிருந்தது. தொட்டாள். ரப்பரைத் தாண்டிச் சுட்டது.

"ஏன் இப்படிக் கொதிக்குது?" என்று அவன் கண் திறக்காமலே முனகினான். "ஜன்னலைத் திற."

அவள் ஜன்னலைத் திறக்கவில்லை. சமையலறைக்கு வந்தாள்.

கடைசிப் பொட்டலம் ஒன்று இருந்தது. அடுப்பை அணைத்துவிடலாம். தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சட்டையை அலசிப் போடலாம். அக்காவிடம் தெரியாது என்று சொல்லலாம். அவளால் முடியும், பன்னிரண்டு வருஷமாக அதைத்தானே செய்துகொண்டிருக்கிறாள். உதட்டில் பஞ்சு ஒற்றிய விரல்கள் நினைவுக்கு வந்தன. வலிக்குதா என்று கேட்டுக் கேட்டு ஒற்றிய விரல்கள். தீயைக் கூட்டினாள். பொட்டலத்தைக் கத்தரித்துக் கவிழ்த்தாள்.

உள்ளே அலறல் எழுந்தது.

கட்டில் இழுபடும் சத்தம். கதவு சுவரில் மோதியது. அவன் வந்தான். கழுத்துவரை கறுப்பு, முகம் மட்டும் வெந்த சதையின் சிவப்பு, தோளிலிருந்து ஆவி எழுந்தது. பானையைப் பார்த்தான். கரண்டியைப் பார்த்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது.

"அவளோட சேர்த்து உன்னையும் முடிச்சிருக்கணும்."

முடியைக் கொத்தாகப் பற்றி அவள் தலையைச் சுவரில் மோதினான். கண்ணுக்குள் வெள்ளை. மறுபடி மோதினான். வாயில் ரத்தம். கழுத்தில் அவன் விரல்கள், கொதிக்கும் விரல்கள், இறுகின. மூச்சு இல்லை. அவள் கை பின்னால் துழாவியது. பானை. கொதிநீர். சட்டை. கைக்கு அகப்பட்ட நுனியைப் பிடித்து இழுத்தாள். தண்ணீர் சொட்டச் சொட்ட அதன் கை ஒன்று வந்தது.

முறுக்கினாள்.

அவன் வலக்கை தோளிலிருந்து திரும்பியது. மெல்ல. ஈரச் சுள்ளி முறிவதுபோல் ஒரு சத்தம். கழுத்துப் பிடி விட்டது. அவன் தன் கையையே பார்த்தான், அது சுற்றிக்கொண்டு போவதை.

"விடு," என்றான். பிறகு, இதுவரை அவளிடம் சொல்லாத ஒன்றைச் சொன்னான். "தயவுசெஞ்சு."

அவள் சட்டையை முழுதாக இழுத்து எடுத்தாள். ஒரு நுனியைக் குழாய்த் தலையில் மாட்டினாள். மறுநுனியை இரு கைகளிலும் சுற்றினாள். தினமும் துணி பிழிகிற கைகள். பிழிந்தாள். முதுகு. விலா. ஒவ்வொன்றாகக் கேட்டது. அவன் வாயிலிருந்து தெளிந்த தண்ணீர் கொட்டியது. இன்னும் ஒரு சுற்று. இடுப்பு. இன்னும் ஒன்று. சொட்டு நிற்கும்வரை.

பிறகு அமைதி. மழை விட்டிருந்தது.

சட்டை கன்னங்கரேலென்று இருந்தது. கறை இல்லை. அவள் தரையைப் பார்க்காமல் பால்கனிக்குப் போனாள். உதறினாள். கொடியில் தோள்பக்கம் இரண்டு கிளிப் போட்டாள். கைகள் தாமாகவே செய்தன. கீழே யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள்.

உள்ளே சொட்டும் சத்தம். சொட். சொட்.

திரும்பினாள். சமையலறைத் தரை காலியாக இருந்தது.

அவன் கூடத்தின் நடுவில் இருந்தான். கூரைக்கு ஒரு முழம் கீழே. தோள்கள் மேலே இழுபட்டு, கைகள் தொங்கி, உடம்பு கயிறாய் முறுகி, பாதங்கள் முதுகுப்பக்கம் பார்த்து. மேலே கொக்கி இல்லை. கயிறு இல்லை. எதுவுமே இல்லை.

பின்னால் காற்று எழுந்தது. கொடியில் சட்டை படபடத்தது.

அவன் அசைந்தான். மெல்லச் சுழன்று அவள் பக்கம் திரும்பினான். கண்கள் திறந்திருந்தன.

இமைத்தன.