வெட்டுப்படாத பிரிண்ட்

மூடிக்கிடந்த சினிமா லேபின் பின்பக்கப் படிக்கட்டில் கால் வைத்ததுமே புளித்த வாடை மூக்கில் அறைந்தது. பிரிட்ஜை அணைத்துவிட்டு வெளியூர் போனவர்கள் திரும்பி வந்து கதவைத் திறந்தால் வருமே, அந்த வாடை. அதோடு கொஞ்சம் வினிகர், கொஞ்சம் ஈர சாக்ஸ்.

"ஆகா!" என்று நெஞ்சு நிறைய இழுத்தார் பல் டாக்டர். நாள் முழுக்க அடுத்தவர் வாய்க்குள் மூக்கை வைத்துப் பிழைப்பவர். அவருக்கு எதுவும் நாறாது. "பழைய பிலிம்னா இப்படித்தான் இருக்கணும்."

பின்னால் வந்த சென்சாருக்குக் குமட்டியது. கைக்குட்டையை எடுத்தால் கௌரவம் போய்விடும் என்று வாயால் மூச்சு விட்டான். வாடைக்கு ருசியும் உண்டு என்று அப்போதுதான் தெரிந்தது.

சென்சார் என்பது பட்டப்பெயர். டைல்ஸ் கடையில் சேல்ஸ்மேன். கடையிலும் வீட்டிலும் அவன் பேச வாயெடுத்தால் எல்லோருக்கும் அவசர வேலை வந்துவிடும். இந்தப் பழைய பட ரசிகர் குழு மட்டும்தான் விதிவிலக்கு. யார் எந்தப் படத்தைப் பற்றிப் பேசினாலும், "நீங்க பார்த்தது சென்சார்ல வெட்டின பிரிண்ட். முழுசா நான் பார்த்திருக்கேன்" என்பான். உடனே அத்தனை பேரும் நாற்காலியை அவன் பக்கம் திருப்பி, "அப்புறம்?" என்பார்கள்.

அந்த ஒரு சொல்லுக்காகத்தான் அவன் வாரம் முழுக்க டைல்ஸ் விற்றான்.

அவன் புகழுக்கெல்லாம் அடித்தளம் 'சூப் சீன்'. வெளியான வேகத்திலேயே தியேட்டரை விட்டு ஓடிப்போன மலிவான பேய்ப்படம் அது. அதனாலேயே குழுவுக்கு அது வேதம். விடுதி நடத்தும் ஒருத்தி, தங்க வந்தவனுக்கு சூப் வைக்கிறாள். சூப்பில் ஒரு முடி. வாய்க்குள் போனதை அவன் வெளியே இழுக்கிறான். வந்துகொண்டே இருக்கிறது. அதோடு தலைத்தோல் ஒரு துண்டு, ஓரத்தில் பொடுகோடு. அத்தனையையும் அவன் திரும்ப முழுங்குகிறான். பொடுகு போன வருஷம் சேர்த்தது. அதற்கு ஏக வரவேற்பு.

உண்மையில் சென்சார் அந்தப் படத்தின் போஸ்டரைத் தவிர எதையும் பார்த்ததில்லை.

இப்போது ஆபரேட்டர் அண்ணன், அதாவது இந்த லேபில் புரொஜெக்டர் ஓட்டிக் காலத்தைக் கழித்தவர், குப்பைக்குள்ளிருந்து அதன் பிரிண்டைத் தோண்டி எடுத்துவிட்டார். வெட்டுப்படாத பிரிண்ட். பிற்பகலில் காட்சி. பிலிம் முழுசாக அழுகியிருக்க வேண்டும் என்று சென்சார் காலையில் குளிக்கும்போதுகூட வேண்டிக்கொண்டான்.

"தம்பி," என்றார் கேஷியர் அக்கா, படியில் மூச்சு வாங்கிக்கொண்டே. வங்கியில் நோட்டு எண்ணுபவர். ரத்தம் தெறிக்கும் படமென்றால் உயிர். "அது உதிரி முடியா, பின்னலா?"

"பின்னல்தான்க்கா. நுனியில நீல ரிப்பன் கட்டியிருக்கும்."

"போன தடவை ரிப்பன் சொல்லலையே?"

"நீங்க சாப்பிட்டுட்டு இருந்தீங்க. அதான் விட்டுட்டேன்."

அக்கா சிலிர்த்துக்கொண்டார். அந்த ரிப்பனுக்கு வயது அரை நிமிஷம்.

உள்ளே ஆபரேட்டர் ரீல் டப்பாவைத் திறந்து வைத்திருந்தார். பிலிம் சுருண்டு, வழுவழுப்பாக, ஓரமெல்லாம் வெள்ளைப் பொடி பூத்துக் கிடந்தது. அவர் ஒரு சுற்றைப் பிரிக்க, காயத்தில் ஒட்டிய பிளாஸ்திரியை உரிப்பதுபோல் சத்தம் கேட்டது. விரலைப் பேண்ட்டில் துடைத்தார். போகவில்லை.

"முன்னாடியே சொல்லிடறேன். சத்தம் சுத்தமா போச்சு. கலரும் போச்சு. எல்லாம் செக்கச்செவேல்னு தெரியும், அவ்வளவுதான்."

விளக்கு அணைந்தது.

திரை முழுக்க ஈறின் நிறம். விடுதி வந்தது, மாடிப்படி வந்தது, சுமாரான நடிப்பு வந்தது. பல் டாக்டர், "லைட்டிங்கப் பாரு, லைட்டிங்க" என்றார். தெரிந்ததெல்லாம் சிவப்பு.

பிறகு ஒரு சாப்பாட்டு மேஜை. முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கும் ஒருவன். எதிரே விடுதிக்காரி. நடுவில் கிண்ணம்.

சென்சார் நாற்காலி நுனிக்கு நகர்ந்தான். இப்படி ஒரு காட்சி நிஜமாகவே இருந்ததா?

முதுகுக்காரன் வாயிலிருந்து எதையோ இழுத்தான். இழுத்துக்கொண்டே இருந்தான். ஈரப் பின்னல் ஒன்று, தலைத்தோல் துண்டோடு, மேஜையில் சொதசொதவென்று குவிந்தது. அதன்மேல் பொடிப்பொடியாக உதிர்ந்தது பொடுகு.

"அப்படியே சொன்னான்டா!" பல் டாக்டர் தொடையில் தட்டினார்.

பின்னலின் நுனி வந்தது.

ரிப்பன்.

அத்தனை சிவப்புக்கு நடுவே அது மட்டும் நீலமாக இருந்தது.

கேஷியர் அக்கா கை தட்டினார். எல்லோரும் தட்டினார்கள். சென்சாரின் வாழ்க்கையிலேயே முதல் கைதட்டல். அவன் மட்டும் தட்டவில்லை.

விடுதிக்காரி மேஜையில் முழங்கை ஊன்றி, தாடையைக் கையில் தாங்கி, நேராகத் திரையை விட்டு வெளியே பார்த்தாள். உதடு அசைந்தது. நடுவில் ஒருமுறை ஒட்டிப் பிரிந்தது. கடைசியில் மூடிக்கொண்டது.

அப்படியே உறைந்திருந்தாள்.

"படம் நின்னுடுச்சா?" என்று அக்கா கிசுகிசுத்தார்.

"ஓடிட்டுதான் இருக்கு," என்றார் ஆபரேட்டர் பின்னாலிருந்து. அவர் குரல் சரியில்லை. "பிலிம் போயிட்டேதான் இருக்கு."

மறுபடி உதடு ஒட்டிப் பிரிந்து மூடியது.

"என்ன கேக்கறா?" என்றார் பல் டாக்டர்.

சென்சாருக்குத் தெரியும். வாராவாரம் பார்த்த உதட்டசைவு. ஆர்வம் தாங்காமல், கதையின் பசியோடு, அத்தனை பேரும் அவனைப் பார்த்துக் கேட்பது.

அப்புறம்?

"அவ்வளவுதான்," என்றான் திரையைப் பார்த்து. "சீன் முடிஞ்சுது. அவன் எழுந்து போயிடுவான்."

முதுகுக்காரன் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினான். எழ ஆரம்பித்தான்.

"யோவ், என்னய்யா சப்புனு முடிக்கறே?" பல் டாக்டர் திரும்பினார். இருட்டில் அவர் கண்ணாடி மட்டும் சிவப்பாக மின்னியது. "திரும்ப முழுங்குவான்னு சொல்லிட்டுத் திரிஞ்சியே? மறந்துட்டியா, இல்ல படத்தையே பார்த்ததில்லையா?"

கைதட்டல் நின்றுபோயிருந்தது. நாற்காலிகள் ஒவ்வொன்றாய் அவன் பக்கத்திலிருந்து விலகுவதுபோல் இருந்தது.

பாதி எழுந்த நிலையில் முதுகுக்காரன் காத்திருந்தான். அவளும் காத்திருந்தாள்.

"பார்த்திருக்கேன்," என்றான் சென்சார். "எல்லாத்தையும் திரும்ப வாயில போட்டு, மென்னு, முழுங்குவான். ரிப்பனோட."

முதுகுக்காரன் உட்கார்ந்தான்.

சென்சாரின் நாக்கில் ஏதோ நெளிந்தது.

ஈரமாக. எண்ணெய்ப் பிசுக்காக. வினிகர் ருசியோடு. திரையில் அந்த ஆள் ஒவ்வொரு கவளமாகத் திணிக்கத் திணிக்க, இவன் கன்னம் உப்பியது. துப்பியிருக்கலாம். ஆனால் எல்லோரும் மறுபடி கை தட்டினார்கள். பல் டாக்டர் அவன் தோளில் கை போட்டு, "மன்னிச்சுக்கப்பா, நீதான் நிஜமான ரசிகன்" என்றார்.

அவன் புன்னகைத்து, முழுங்கினான்.

திரை வெளுத்தது. ஆபரேட்டர் ரீலைக் கழற்றி, டப்பாவில் போட்டு, அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் சென்சார் குளியலறைக் கதவைத் தாழிட்டான். கமிஷன் இல்லாமல் தனக்குத்தானே விற்றுக்கொண்ட டைல்ஸ் நாலு பக்கமும் பளபளத்தது. கண்ணாடி முன்னால் வாயைப் பிளந்து, விரலை உள்ளே விட்டான். தொண்டைக்குள் ஒரு நுனி தட்டுப்பட்டது. பிடித்து இழுத்தான். நீலம். அதன் பின்னால் பின்னல், எச்சில் ஒழுக, வழுக்கிக்கொண்டு வாஷ்பேசினில் விழுந்தது. குமட்டக் குமட்ட இழுத்தான். சீக்கிரம் முடிந்துவிடும் என்று இன்னும் கொஞ்சம் இழுத்தான்.

உள்ளேயிருந்து யாரோ பதிலுக்கு இழுத்தார்கள்.

கையிலிருந்த பின்னல் சரசரவென்று தொண்டைக்குள் திரும்பிப் போனது. ரிப்பன் கடைசியாகப் போனது.

அவன் வாய் பிளந்தபடியே நின்றான்.

கதவு தட்டப்பட்டது.

"என்னங்க," என்றாள் மனைவி வெளியிலிருந்து. "உள்ள யாரு? 'அப்புறம், அப்புறம்'னு ஒரு பொம்பளைக் குரல் கேட்டுட்டே இருக்கு."

அவன் வாயை மூடினான்.

"இப்ப நின்னுடுச்சு," என்றாள் அவள்.