குமிழ் போகும் பக்கம்

குமிழ்கள் மேலே போகவில்லை.

அவள் விட்ட மூச்சு, உலை கொதிக்கும் சத்தத்தோடு காதோரம் எழும்பி, ஒரு முழம் மேலே எதிலோ முட்டி, பாதரசம்போல் பரவி அங்கேயே நின்றது. கையை உயர்த்தித் தடவினாள். வழவழப்பான பாறை.

கூரை.

காலையில், தண்ணீர் நிரம்பிய பழைய கல்குவாரியின் கரையில் முக்குளிப்புப் பயிற்சியாளர் அதைத்தான் சொன்னார். “நீங்க ரெண்டு பேரும் இன்னும் கத்துக்குட்டிங்க. தலைக்கு மேல கூரை இருக்குற இடத்துக்குள்ள போகவே கூடாது. கூரை வேணும்னா வீட்டுக்குப் போங்க.”

“வீட்டுல மாமியார் இருக்காங்க சார்,” என்றாள் அக்கா. “குகையே தேவலை.”

இவளுக்குச் சிரிப்பு வரவில்லை. “சேறு கலங்கி வழி தெரியலேன்னா?”

“பதறாதீங்க. குமிழ் போற பக்கம் போங்க. குமிழ் பொய் சொல்லாது. மூச்சை மட்டும் அடக்கிடாதீங்க.”

முங்கிய பிறகு, குவாரியின் அடியில் அக்கா காலில் மாட்டியிருந்த துடுப்பு பட்டுச் சேறு கிளம்பியது. பழுப்பு இருட்டில் அக்காவைக் காணவில்லை. கொஞ்சம் தள்ளி, வெள்ளிக் குமிழ்கள் மட்டும் சீராக எழுந்துகொண்டிருந்தன. அக்காதான் என்று பின்தொடர்ந்தாள். நெருங்க நெருங்க அவை விலகிப் போயின.

இப்போது வந்த வழியைக் காணோம். பின்னால் பாறை. இடப்பக்கமும் பாறை. வலப்பக்கம் ஒரு விரிசல், இரண்டு விரல் அகலம். அதன் வழியே பச்சை வெளிச்சம்.

பயிற்சியாளர் எங்கோ சிலிண்டரைத் தட்டி அழைத்தார். டங். டங். தண்ணீருக்குள் சத்தத்துக்குத் திசை கிடையாது. எல்லாப் பக்கமிருந்தும் தட்டினார்.

காற்றுமானியின் முள் சிவப்பில்.

விரிசலில் கண்ணை வைத்தாள். வெளியே, தெளிந்த நீரில், அக்கா. வேறு பக்கம் பார்த்துத் தேடிக்கொண்டிருந்தாள். அவளுடைய குமிழ்கள் நேராக வானத்துக்குப் போயின.

அப்படியானால் இங்கே எழுந்தவை?

மூச்சை அடக்கினாள்.

குமிழ்ச் சத்தம் நிற்கவில்லை.

கீழே. முழங்காலுக்கு அருகே. சேற்றுக்குள்ளிருந்து. ஒரு மூச்சு. இடைவெளி. ஒரு மூச்சு.

பாறையை இடுப்புக் கத்தியின் பிடியால் அடித்தாள். அடித்தாள். அக்கா தலையைத் திருப்பினாள். எல்லாத் திசையிலும் திருப்பினாள்.

கீழே குமிழ் நின்றது.

அமைதி.

விரிசலுக்கு வெளியே, அக்காவுக்குச் சற்று முன்னால், சேற்றுத் தரையிலிருந்து வெள்ளியாய் ஒன்று எழுந்தது. பிறகு ஒன்று. சீராக.

அக்கா பார்த்துவிட்டாள். முகமூடிக்குள் கண்கள் மலர்ந்தன. சுட்டுவிரலையும் கட்டைவிரலையும் சேர்த்து வட்டமாக்கி, நல்லா இருக்கியா என்று அந்தக் குமிழ்களைக் கேட்டுக்கொண்டே, அவற்றின் பின்னால் வரத் தொடங்கினாள்.