பின் சுவர்

மேடையைப் பார்த்துப் போட்டிருந்த அறுபது நாற்காலிகளும் பின் சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தன.

ஊர்ச் சங்கத்துச் செயலாளரம்மாவுக்கு வந்தது பயமில்லை, எரிச்சல். நூற்றைம்பது வருஷத்துப் பழைய வீட்டை இடிக்கவிடாமல் காப்பாற்றி, ஓடு மாற்றி, மரத்தூண்களைச் சுரண்டி எண்ணெய் பூசி, இன்று மாலை ஊருக்குப் பொதுக்கூடமாகத் திறந்துவிடப் போகிறவள் அவள். ஆனால் இந்த ஊர்? எச்சில் துப்ப மூலை தேடுகிற கூட்டம். முப்பது வருஷம் தலைமையாசிரியையாக இருந்து நாய்வாலை நிமிர்த்திப் பார்த்தவளுக்குத் தெரியாதா?

"யாரு திருப்புனது?" என்று காவலாளியைக் கேட்டாள்.

"நான் தொடலைங்கம்மா. காலையிலயும் இப்படித்தான் இருந்துச்சு. நாந்தான் நேரா போட்டேன்."

"குடிச்சிருக்கியா?"

அவன் சுவர்ப்பக்கம் தலையைத் தூக்காமலே நாற்காலிகளைத் திருப்பிப் போட்டான். கொத்தனாரும் ஒருநாள் இப்படித்தான் தயங்கித் தலையைச் சொறிந்தான். எத்தனை தடவை பூசினாலும் அந்தச் சுவரின் நடுவில் ஓர் ஆள் அகலத்துக்குக் காயவில்லையாம், அதை விட்டுவிடலாமாம். "சுவருக்குப் பயப்படுறவன் எதுக்குடா கரண்டி புடிக்கிறே?" என்று கேட்டு, பக்கத்திலேயே நின்று பூசவைத்தாள்.

ஆறு மணிக்கு ஆட்கள் வந்தார்கள். மேடைக்குப் பக்கத்து அறையில் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி நின்றவள், புது வார்னிஷ் நெடியோடு செருப்புச் சத்தமும், பிள்ளைகளை அதட்டும் குரல்களும், நாற்காலிக் கால்கள் தரையில் இழுபடும் கிறீச்சொலியும் கலந்து ஏறி ஏறி, பிறகு யாரோ கையமர்த்தியதுபோல ஒரே நொடியில் அடங்குவதைக் கேட்டாள். பரவாயில்லை, இதுகளுக்கும் மரியாதை தெரிகிறது.

மேடையேறினாள்.

அறுபது முதுகுகள்.

"இந்தப் பக்கம் திரும்புங்க" என்றாள் மைக்கில். ஒரு தோள் அசையவில்லை. இது நாத்தனார் வேலை. அவளுக்குத்தான் இந்தப் பதவிமேல் ரொம்ப நாளாகக் கண்.

"ஆட்டு மந்தை" என்றாள், மைக்கிலேயே.

எல்லோரும் ஒன்றாகச் சிரித்தார்கள். அவள் சொன்னதற்கு அல்ல. அங்கே வேறு யாரோ சொன்ன நல்ல வேடிக்கைக்குச் சிரிப்பதுபோல, தணிவாக, பணிவாக.

காவலாளியைத் தேடினாள். அவனும் உட்கார்ந்திருந்தான். கைகட்டி. முதுகைக் காட்டி.

இறங்கினாள். தூண்களை ஒட்டி நடந்தாள். சுவருக்கும் முதல் வரிசைக்கும் நடுவே போய் நின்றாள்.

முகங்கள் மலர்ந்திருந்தன. அத்தனையும். முப்பது வருஷத்தில் எந்த வகுப்பும் அவளை அப்படிப் பார்த்ததில்லை.

இப்போதும் அவளைப் பார்க்கவில்லை.

"எந்திரிங்க." கையைத் தட்டினாள். "எல்லாரும் எந்திரிங்க."

முதல் வரிசையில் நாத்தனார் முகத்தைச் சுளித்தாள். வகுப்பில் தொந்தரவு செய்யும் பிள்ளையைப் பார்ப்பதுபோல.

"கொஞ்சம் குனிங்க அண்ணி. மறைக்குது."

முதுகுக்குப் பின்னால் ஓசை. வெகுகாலம் குந்தியிருந்த ஒன்று எழுவதுபோல. மூட்டுகள். ஒவ்வொன்றாக.

அறுபது பேரின் கண்களும் அவள் தலைக்கு மேலே போயின. இன்னும் மேலே. விட்டம் வரை.

அவள் குனிந்தாள்.