ஜன்னலோரத்து மூன்று ஜாடிகள்

அவளுக்கு அழகான ஒரு பெயர் உண்டு. ஆனால் பள்ளி வருகைப் பதிவேட்டைத் தவிர வேறெங்கும் அதற்கு வேலை இல்லை. வீட்டில் அவள் அவசரக்குடுக்கை. அதுவும் கூப்பிட நீளமாக இருக்கிறதென்று, வெறும் "குடுக்கை" ஆக்கிவிட்டார்கள்.

அன்று விடுமுறை. அம்மா புது மீன்கள் வாங்க வெளியூர் போயிருந்தார். அவருடைய வண்ணமீன் கடையில் குடுக்கை மட்டும் இருந்தாள். வாங்க ஆள் யாரும் வரவில்லை. சும்மா இருந்தால் அவளுக்குக் கை நமநமக்கும்.

தரையைப் பெருக்கினாள். தொட்டிகளைத் துடைத்தாள். ஜன்னலோரம் பார்த்தால், மூன்று பெரிய ஜாடிகளில் தண்ணீர் பச்சைப்பசேலென்று நின்றது.

"சே! இதைக் கழுவக்கூட அம்மாவுக்கு நேரமில்ல!"

மூன்றையும் கவிழ்த்தாள். சோப்புப் போட்டுத் தேய் தேய் என்று தேய்த்தாள். ஜாடிகள் பளபளத்தன. அம்மா அசந்துபோவார் என்று நினைத்தபோது போன் அடித்தது.

"குடுக்கை, மூலைத் தொட்டியில குஞ்சுங்க நீந்துதா?"

"நீந்துதும்மா! இமை முடி மாதிரி இருக்கு. இருநூறு இருக்கும்!"

"இதுவரைக்கும் வயித்துல இருந்த மஞ்சக்கருவுல ஓட்டிடுச்சுங்க. அது தீர்ந்திருக்கும். இன்னைக்குத்தான் முதல் சாப்பாடு. நாலு மணிக்கு ரெண்டு கரண்டி பச்சைத் தண்ணி ஊத்திடு. நான் வர வரைக்கும் தாங்காது."

குடுக்கை பளபளத்த ஜாடிகளைத் திரும்பிப் பார்த்தாள். "எ... எந்தப் பச்சைத் தண்ணி?"

"ஜன்னல்ல மூணு ஜாடியில பாசி வளர்த்து வெச்சிருக்கேனே, அதுதான். பஸ் வந்துடுச்சு, வெச்சுடறேன்!"

"அம்மா, அது வந்து..."

போன் நின்றுவிட்டது. திரும்பக் கூப்பிட்டாலும் அம்மா எடுக்கவில்லை.

குடுக்கைக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. அழுக்கை யாராவது வளர்ப்பார்களா? சுத்தம் செய்தது தப்பா? மூலைத் தொட்டியில் இருநூறு குஞ்சுகள் எதையோ தேடி அலைந்தன. அவளுக்கு அழுகை முட்டியது. மணி மூன்று.

பச்சைதானே வேண்டும்? கரண்டியோடு கொல்லைப்புறம் ஓடினாள். சுவரில் வெல்வெட் துணிபோல ஒன்று படர்ந்திருந்தது. மரப்பட்டையில் வெளிர்பச்சைத் திட்டு ஒன்று ஒட்டியிருந்தது. இரண்டையும் சுரண்டிக்கொண்டு பக்கத்துக் கடைக்கு ஓடினாள். அங்கே வாட்ச் ரிப்பேர் மாமா ஒற்றைக் கண்ணில் லென்ஸோடு குனிந்திருந்தார்.

"மாமா, இதுல எது பாசி?"

"எனக்குப் பல்சக்கரமும் முள்ளும்தான் தெரியும். ரெண்டும் பச்சையா இருக்கு. ரெண்டையும் போட்டுடு."

"தப்பாப் போட்டா மீன்குஞ்செல்லாம் செத்துடும் மாமா!"

"அப்போ ரெண்டையும் போடாதே."

இதற்குப் பெயர் உதவியா என்று குடுக்கைக்கு விளங்கவில்லை. ஆனால் மாமா லென்ஸைக் கழற்றிக் கொடுத்தார். "கீழ போட்டுடாதே. என் பிழைப்பே அதுலதான் இருக்கு."

முதலில் மரப்பட்டைத் திட்டைப் பார்த்தாள். அறிவியல் புத்தகத்தில் பார்த்த படம்! லைக்கன். பூஞ்சையும் பாசியும் சேர்ந்து குடித்தனம் நடத்தும் உயிர். பூஞ்சை வீடு கட்டிக் கொடுக்கும், உள்ளே பாசி வெயிலில் சமைக்கும்.

"அப்போ பாசி உள்ளதான் இருக்கு!"

நகத்தால் கிள்ளிப் பார்த்தாள். வறட்டுத் தோல்போல விறைப்பாக இருந்தது. குஞ்சின் வாயோ ஊசிமுனை அளவு. வீட்டோடு சேர்த்து விழுங்கு என்றால் அது என்ன செய்யும்?

அடுத்தது சுவரில் இருந்த மாஸ். அதுவும் புத்தகத்தில் வந்ததுதான், பாசிபோலத் தோன்றும் குட்டிச் செடி. காய்ந்து சுருண்டு கிடந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டாள். சுருண்ட இலைகள் மெல்ல விரிந்தன, பச்சை ஏறியது.

"மாமா, உயிர் வந்துடுச்சு!"

"கொடுத்து வெச்சது. இங்க பேட்டரி மாத்தினாக்கூட வரமாட்டேங்குது."

லென்ஸை இன்னும் நெருக்கினாள். இலைகளுக்கு நடுவே வெள்ளைப் புள்ளி ஒன்று நகர்ந்தது. இன்னொன்று அதைத் தாண்டி ஓடியது. மாஸுக்குள் ஓர் ஊரே குடியிருந்தது! மாஸை விழுங்க முடியாது. ஆனால் இந்தப் புள்ளிகள் ஊசிமுனை வாய்க்குள் நுழையுமே?

ஓடக் காலைத் தூக்கியவள், அப்படியே நின்றாள்.

"என்ன, வண்டி நின்னுடுச்சு?" என்றார் மாமா.

"இது சுவத்து மாஸ் மாமா. சுண்ணாம்பு ஒட்டியிருக்கு, குஞ்சுங்களுக்கு ஆகாது."

அவசரப்பட்டுத்தானே இந்த வம்பு? உட்கார்ந்து யோசித்தாள். கடையில் இருக்கும் பெரிய மீன்தொட்டியின் அடியில் மாஸ் அடர்ந்து கிடப்பது நினைவுக்கு வந்தது. அங்கே சுண்ணாம்பும் இல்லை, சோப்பும் இல்லை.

லென்ஸோடு கடைக்குத் திரும்பி, அந்த மாஸில் ஒரு கைப்பிடி எடுத்து, அதே தொட்டித் தண்ணீரில் பிழிந்தாள். தண்ணீர் கலங்கியது. லென்ஸில் பார்த்தால் புள்ளிகள் முண்டியடித்துக்கொண்டு ஓடின.

உடனே ஊற்றிவிடவில்லை. மூன்று குஞ்சுகளைக் கிண்ணத்தில் எடுத்து, ஒரு சொட்டு மட்டும் விட்டாள். முந்நூறு வரை எண்ணினாள். நடுவில் இரண்டு முறை எண்ணிக்கை தப்பியது.

ஒரு குஞ்சு நின்றது. உடம்பை வளைத்தது. லபக்!

நாலு மணிக்கு மீதியை மூலைத் தொட்டியில் ஊற்றி, லென்ஸை மாமாவிடம் திருப்பிக் கொடுத்தாள்.

பொழுது சாயும்போது அம்மா வந்தார். வந்ததும் ஜன்னலைப் பார்த்தார்.

"என்னடி, ஜாடியெல்லாம் காலியா இருக்கு?"

"அழுக்குன்னு நினைச்சுக் கழுவிட்டேன்மா."

அம்மா கையிலிருந்த மீன் பையைப் போட்டுவிட்டு மூலைத் தொட்டிக்கு ஓடினார். டார்ச் அடித்தார். ஒவ்வொரு குஞ்சின் வயிறும் குட்டி மணிபோல உருண்டிருந்தது.

"இதுங்களுக்கு யார் சாப்பாடு போட்டது?"

"மாஸைப் பிழிஞ்சு ஊத்தினேன். முதல்ல மூணு குஞ்சுக்கு மட்டும் கொடுத்துப் பார்த்துட்டு."

"எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"நீ எங்கம்மா பேச விட்ட? பஸ் வந்துடுச்சுன்னு வெச்சுட்ட!"

அம்மா அவளை முறைத்தார். முறைப்பு முடிவதற்குள் சிரிப்பு வந்துவிட்டது. "குடுக்கை எங்கிருந்து வந்ததுன்னு இப்பத்தான் புரியுது."

இருவரும் பெரிய தொட்டித் தண்ணீரை ஜாடிகளில் நிரப்பி வெயிலில் வைத்தார்கள். பத்து நாளில் தண்ணீர் மெல்லப் பச்சையானது. அன்றே குடுக்கை மூன்று ஜாடிகளிலும் சீட்டு ஒட்டினாள்: "இது அழுக்கு இல்லை, சாப்பாடு. கை நமநமத்தால் தரையைப் பெருக்கவும்."

"யாருக்குடி இது?" என்றார் அம்மா.

"எனக்குத்தான்," என்றாள் குடுக்கை, துடைப்பத்தைத் தேடிக்கொண்டே.