ரெண்டு தட்டு

நெய்வேலி நகரியம் பதினெட்டாம் வட்டத்தில் குடியிருக்கும் சகல ஜனங்களும், நைட் ஷிஃப்ட் முடிந்து தூங்குகிறவர்களை உலுக்கி எழுப்பியாவது, தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி: திருவாளர் சிவப்பிரகாசம், கன்வேயர் ஃபோர்மேன், இருபத்தெட்டு வருட பெர்மனன்ட், பாதுகாப்பு வாரக் கேடயம் வென்றவர், தம் சொந்தக் கைக்கடிகாரத்தில் மணி பார்க்க முடியாமல் தவிக்கிறார்.

கடிகாரம் கெட்டுப்போகவில்லை. பெருத்துவிட்டது. காலையில் ஷிஃப்ட் முடித்து வந்தவர், திரையில் படிந்திருந்த கரித்தூளை இரண்டு விரலால் டொக் டொக்கென்று தட்டிவிட்டார். அவ்வளவுதான். ஒரு மூன்றின் வயிறு மட்டும் திரை முழுக்க உப்பி நின்றது. மிச்ச நேரம் எங்கேயோ வெளியே போய்விட்டது.

அதை வாங்கிய காரணம் பக்கத்து குவார்ட்டர்ஸில் இருந்தது. பெயர் ஜெயப்பிரகாஷ், முத்தாண்டிக்குப்பத்துக்காரன். வெகுகாலம் கான்ட்ராக்டில் இருந்து போன வருடம்தான் பெர்மனன்ட் ஆனவன். தினமும் பத்தாயிரம் அடி நடக்கிறான். கைவீச்சை எண்ணி அதை அவன் கடிகாரம் அவனுக்குச் சொல்ல, அவன் தமயந்திக்குச் சொல்ல, தமயந்தி தன் புருஷன் சிவப்பிரகாசத்துக்குச் சாதத்தோடு பரிமாறினாள்.

"அந்தத் தம்பிக்கு வயிறே இல்லை பாருங்க."

மறுநாளே சிவப்பிரகாசம் அதே கடிகாரத்தை, அவனுடையதைவிட ஒரு மாடல் கூடுதலாக, வாங்கிக் கட்டிக்கொண்டார். அவருடைய உச்சம் மூவாயிரத்துச் சொச்சம் அடி. அதனால் நடையை விட்டுவிட்டுக் கடிகாரத்தின் முகப்புப் படத்தில் ஜெயித்தார். மூன்று வருடத்துக்கு முன் அரங்கின் ஓரத்திலிருந்து யாரோ எடுத்த போட்டோ அது. மேடையில் வெள்ளைச் சட்டையில் அவர், கையில் கேடயம். பக்கத்தில் பட்டுப்புடவையில் தமயந்தி. கீழே மூன்றாவது வரிசையில், நீலச் சீருடையில், கைதட்டிக்கொண்டிருக்கும் ஜெயப்பிரகாஷ். கேடயத்தைவிட அந்தக் கைதட்டல்தான் அவருக்கு இனித்தது. மணி பார்க்கும்போதெல்லாம் அவன் ஒருதரம் தட்டினான்.

"அந்தத் தம்பிகிட்டயே காட்டுங்களேன். ஒரு நிமிஷ வேலை."

"எனக்குத் தெரியும்."

"என்ன தெரியும்? ஒரே ஒரு மூணு தெரியுது."

அவர் படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

பகலில் தூங்க வேண்டிய மனிதரின் அறை அது. ஜன்னல் கண்ணாடியில் பழைய செய்தித்தாளும் அதற்கு மேல் கறுப்புப் போர்வையுமாக, வெளியே வேப்பமரத்தில் மூன்று மணி வெயில் காய்ந்துகொண்டிருக்க, உள்ளே கிணற்றடி இருட்டும், கழற்றிப் போட்ட சீருடையின் ஈரக்கரி வாசனையும், நாலு சுற்றுக்கு ஒருமுறை பல்லைக் கடிக்கும் மின்விசிறியும், சுரங்கப் பக்கமிருந்து காதைவிடத் தரை வழியாக அதிகம் வந்த ஓயாத உறுமலும் இருந்தன. மணிக்கட்டில் மட்டும் வெளிச்சம். இரண்டு விரலால் அவர் திரையை இழுக்க, படம் நகர்ந்தது. தமயந்தியின் புடவைக் கரை. மேடைக் குத்துவிளக்கின் ஒரு திரி. கேடயத்தின் விளிம்பு. விளிம்பைப் பிடித்த கட்டைவிரல்.

நகம் கறுப்பாக இருந்தது.

கரித்தூள் என்று வேட்டி நுனியால் துடைத்தார். போகவில்லை. மறுபடி துடைத்தார். தம் கட்டைவிரலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சுத்தமாக இருந்தது. ஸ்பேனர் விழுந்து நகம் செத்தவன் ஜெயப்பிரகாஷ்தான். அதைக்கூட ஏதோ பதக்கம்போல எல்லோரிடமும் நீட்டிக் காட்டினான்.

மெல்ல மேலே இழுத்தார். மணிக்கட்டு. அதற்கு மேல் சட்டைக்கை.

நீலம்.

மேடையில் தாம் வெள்ளை போட்டிருந்தது நன்றாக நினைவிருந்தது. தமயந்திதான் இஸ்திரி போட்டுக் கொடுத்தாள். நீலக் காலர் வரை போனார். கழுத்து வந்தது. அதற்கு மேல் இழுக்க விரல் மறுத்தது.

கூடத்தில் ஜெயப்பிரகாஷின் குரல் கேட்டது. "ஊர்லேர்ந்து பலாச்சுளை வந்துச்சுக்கா." தமயந்தி ஏதோ சொன்னாள். சிரித்தாள். இந்த வீட்டில் அந்தச் சிரிப்பைக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று என்று அவர் கணக்குப் போடும்போதே கதவு ஒரு கோடு திறந்தது.

"அண்ணே, தூங்கிகினு இருக்கீங்களா? வாட்ச்சு பெருசாயிடுச்சாமே. அக்கா சொன்னாங்க."

சிவப்பிரகாசம் கையைத் தலையணைக்கு அடியில் ஒளித்தார்.

"வெக்கப்படாதீங்கண்ணே, எல்லாருக்கும் ஆவறதுதான். ரெண்டு வெரலைச் சேத்து ரெண்டு தட்டு தட்டுங்க, சரியாப் பூடும்." இருட்டில் அவன் முகம் தெரியவில்லை, கதவைப் பிடித்த கட்டைவிரல் தெரிந்தது. "தட்டுங்கண்ணே. நான் அன்னிக்கு உங்களுக்குத் தட்டலியா?"

கதவு சாத்திக்கொண்டது.

தட்டக்கூடாது என்று உட்கார்ந்திருந்தார். அவன் சொல்லித் தட்டுவதா? ஆனால் முகத்தைப் பார்க்க வேண்டும். தம் முகம்தானே? தம் கேடயம். தம் மனைவி. கூடத்தில் ஷோகேஸ் கண்ணாடி நகரும் சத்தம். கேடயம் இருக்கிற ஷோகேஸ்.

இரண்டு விரல். டொக். டொக்.

படம் சுருங்கியது. முழுதாகத் தெரிந்தது. மேடையில் நீலச் சீருடை, கேடயம், ஜெயப்பிரகாஷின் சிரிப்பு. அவனை ஒட்டிப் பட்டுப்புடவையில் தமயந்தி. மூன்றாவது வரிசையில் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர். முதுகு கூனி. வாய் இளித்து. சிவப்பிரகாசம்.

கைதட்டிக்கொண்டிருந்தார். போட்டோவில். கைகள் அசைந்தன.

"என்னங்க!" தமயந்தியின் குரல். இருபத்தாறு வருடமாக அவரை மட்டுமே கூப்பிட்ட, பெயர் சொல்லாத அந்த ஒரு சொல். "என்னங்க, காபி ஆறுது."

வருகிறேன் என்று சொல்ல வாயைத் திறந்தார். வாய் இளித்தது. சத்தம் வரவில்லை.

"வந்துகினே இருக்கேன்," என்றது கூடத்திலிருந்து ஒரு குரல். நாற்காலி இழுபட்டது. டம்ளரில் காபி ஆற்றும் ஓசை.

அறையில் பட் என்று ஒரு சத்தம். மறுபடி பட். குனிந்து பார்த்தார். தம் உள்ளங்கைகள். இறுக்கினார். நிற்கவில்லை. முழங்காலுக்கு நடுவே இடுக்கினார். பிடுங்கிக்கொண்டு தட்டின. பட். பட். தோல் சிவந்தது. கதவு திறந்தது. தமயந்தி எட்டிப் பார்த்தாள். கட்டில் மேலே, அவர் உட்கார்ந்திருந்த இடத்தின் வழியே, ஜன்னலைப் பார்த்தாள்.

"இந்த ரூம்ல ஏதோ சத்தம் கேக்குதுங்க."

"ஃபேனா இருக்கும்," என்றது கூடம்.

கதவு மூடியது. விரல் இடுக்கில் ரத்தம் கசிந்தது. கைகள் தட்டின. சாயங்காலம் முழுக்கத் தட்டின.

ஆறரை மணிக்குக் கடிகாரம் அதிர்ந்து, சரியான அளவு எழுத்தில், அவர் பத்தாயிரம் அடி நடந்துவிட்டதாகப் பாராட்டியது.