இலவம்பஞ்சுப் படுக்கை

இப்போதெல்லாம் மனிதர்களுக்கு எதைக் கொஞ்சுவது என்று விவஸ்தையே இல்லை. பெற்றவர்கள் சாப்பிட்டார்களா என்று கேட்க நேரமில்லாதவர்கள், பாம்புக்கு எந்தப் படுக்கை நல்லது என்று ஃபோனில் மணிக்கணக்காகப் பேசுகிறார்கள். தேங்காய்நார்த் தூளாம். அதைப் பையில் அடைத்துக் கடையில் விற்கிறார்களாம். கர்சோனோவுக்குத் தெரிந்து அவருடைய பாத்தி ஊர்ப் பக்கத்தில் தேங்காய்நாரை அடுப்பில்தான் போடுவார்கள்.

மகள் முர்னி விட்டுப்போன தூளைக் கையில் அள்ளிப் பார்த்தார். ஈரமாக இருந்தது. அழுகலை அவள் தலையில் கட்டியிருக்கிறான் கடைக்காரன். அப்படியே மிளகாய்ச் செடிகளுக்குக் கொட்டினார். பாம்பின் கண்ணாடித் தொட்டிக்குள் வேறு ஏதாவது போட வேண்டுமே. உள்ளறைக் கட்டிலில் மனைவி தாஸ்மியின் மெத்தை சும்மாதான் கிடந்தது. வாசலில் இழுத்துப் போட்டு அரிவாளால் கிழித்தார்.

வேலிக்கு அந்தப் பக்கம் கெளுத்தி மீனுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்த சர்பின் எட்டிப் பார்த்தான்.

"என்ன பெரியப்பா, பாம்புக்கு மெத்தையா? குடுத்துவச்ச பாம்பு. தலகாணியும் உண்டா?"

"உன் வேலையப் பாருடா."

சர்பின் சிரித்தான். மெத்தையின் கோடு போட்ட துணியைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

"இது பெரியம்மா கிடந்து செத்த மெத்தையில்ல? அன்னிக்கே ஆத்துல விட்டிருக்கணுமே. எல்லாரும் விடுறதுதான?"

"நல்ல பஞ்சுடா இது. எவனாவது நல்ல பஞ்ச ஆத்துல விடுவானா?"

முப்பது வருஷம் தள்ளுவண்டியில் இலவம்பஞ்சு மெத்தை விற்றவர் அவர். பஞ்சைப் பற்றி அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. தாஸ்மிக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தபோது முர்னி சொன்னாள், பழைய பஞ்சின் தூசிதான் காரணம், ரப்பர் மெத்தை வாங்கலாம் என்று. அவர் கேட்கவில்லை. இரண்டு வருஷம் அந்த மெத்தையிலேயே கிடந்தாள். கடைசி மாதங்களில் பேச மூச்சு போதாமல், தண்ணீர் வேண்டுமென்றால் கட்டில் சட்டத்தில் விரல் முட்டியால் மூன்று தட்டு தட்டுவாள்.

அவள் இறந்து எழுபது நாள் ஆகிறது. அத்தனை நாளும் முர்னி அவரோடு பேசவில்லை. போன ஞாயிற்றுக்கிழமைதான் தொட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள். செமாராங்கில் அவள் தங்கும் விடுதியில் பாம்பு கூடாது என்றுவிட்டார்கள்.

"வேற ரூம் கிடைக்கிற வரைக்கும்தான். ஒரு வாரம் இதையாவது உயிரோட வச்சிருங்க. அம்மாவோட நூறாம் நாள் சாப்பாட்டுக்கு நானே வந்து சமைக்கிறேன்."

'இதையாவது' என்ற சொல் அவருக்குள் முள்ளாகத் தங்கிவிட்டது. ஆனால் வருவேன் என்றும் சொன்னாளே.

மூன்றாம் நாள் மதியம் ஃபோன் அடித்தது.

"மனிஸ் எப்படிப்பா இருக்கா?"

பாம்புக்கு அதுதான் பெயர்.

"படுத்திருக்கு. வேறென்ன செய்யும்?"

"தூள் மாத்துனீங்களா?"

"அது அழுகல். பஞ்சு போட்டிருக்கேன்."

"அய்யோ! அது ஈரமாத்தாம்பா இருக்கும். பஞ்சு ஆகவே ஆகாது. நாக்க நீட்டி நீட்டி மோப்பம் பிடிக்கும்போது வாயில ஒட்டும். தூசி உள்ள போகும். பாம்புக்கு இருமத் தெரியாதுப்பா. இப்பவே எடுத்துட்டுப் பழைய பேப்பர் போடுங்க."

"பஞ்சப் பத்தி எனக்குச் சொல்லித் தர்றியா?"

"எந்தப் பஞ்சு?" என்றாள்.

அவர் ஃபோனை வைத்துவிட்டார். பஞ்சை எடுக்கவில்லை. எடுத்தால் அவள் சொன்னது சரி என்றாகிவிடும். எல்லாவற்றிலும்.

சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. மின்சாரம் போயிற்று, தொட்டியின் சூட்டு விளக்கும் அணைந்தது. சன்னல்களைச் சாத்திவிட்டுக் கூடத்தில் உட்கார்ந்தார். ஓட்டின் மேல் கொட்டிய மழைக்கும் தூரத்துத் தொழுகை அழைப்புக்கும் நடுவே, ஈரச் சுவரின் வாடையோடும் மண்ணெண்ணெய்ப் புகையோடும் கலந்து, தாஸ்மியின் நெஞ்சில் தேய்த்த யூகலிப்டஸ் தைலத்தின் மணம் எங்கிருந்தோ மெல்ல மெல்ல வந்து அவர் மூக்கில் ஏறியது. மெத்தை குடித்த தைலம். வேறென்ன.

அப்புறம் அந்தச் சத்தம். உள்ளே இழுக்கும்போது மெல்லிய விசில். வெளியே விடும்போது கொதிக்கும் பானையின் கடைசித் தண்ணீர்போலக் களகளப்பு. இரண்டு வருஷம் பக்கத்தில் படுத்துக் கேட்ட சத்தம். ஒரு பாம்பின் நெஞ்சில் அத்தனை மூச்சுக்கு இடம் உண்டா?

டொக். டொக். டொக்.

கண்ணாடியில் மூக்கு இடித்திருக்கும். பாம்பு அப்படித்தான் இடிக்கும்.

டொக். டொக். டொக்.

எப்போது எழுந்தார், எப்போது பானையில் மொண்டார் என்று அவருக்கே தெரியவில்லை. தண்ணீர்க் குவளையோடு உள்ளறையில் காலிக் கட்டிலின் முன் நின்றுகொண்டிருந்தார். குவளை தளும்பியது.

சத்தம் நின்றுவிட்டது.

விளக்கை எடுத்துக்கொண்டு தொட்டியருகே போனார். காலையில் கையால் உதறி மேடாக விட்ட பஞ்சு இப்போது அமுங்கியிருந்தது. ஒரு பள்ளம். இடப்பக்கம் சாய்ந்து படுத்தவளின் பள்ளம். தோளுக்கு ஒரு குழி, இடுப்புக்கு ஒரு குழி, மடக்கிய முழங்காலுக்கு ஒரு குழி. அளவுதான் சிறியது.

அதற்குள் மனிஸ் சுருளாமல் நீண்டு கிடந்தது. தலை மேல்நோக்கி. வாய் திறந்து.

விளக்கைப் பக்கத்தில் வைத்துவிட்டு, ஒற்றைக் கையால் மூடியை நகர்த்தித் தொட்டார். சில்லென்றிருந்தது.

வாயோரம் ஒரு பஞ்சிழை. அது ஆடியது.

தாஸ்மி இறந்த அன்று காலையும் இப்படித்தான். அவள் உதட்டில் ஒட்டிய இழை ஆடுவதைப் பார்த்து, மூச்சு இருக்கிறது, தூங்கட்டும் என்று போய்க் காப்பி போட்டுக் குடித்தார். சன்னல் திறந்திருந்ததும், இழையை ஆட்டியது காற்று என்பதும் பிறகுதான் தெரிந்தது. இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

இன்று சன்னல்கள் சாத்தியிருந்தன.

இழை ஆடியது. உள்ளே. வெளியே. உள்ளே.

மூடியைப் போட்டார். கூடத்தில் ஃபோன் அடிக்க ஆரம்பித்தது. முர்னியாகத்தான் இருக்கும். எடுக்கவில்லை. அடித்து அடித்து ஓய்ந்தது. இனி அவள் வரமாட்டாள்.

"கரண்டு போனதால வந்தது," என்றார் சத்தமாக. "சூடு இல்லாமச் செத்துருக்கு. பஞ்சால யாரும் சாகல."

பாம்பையும் பஞ்சையும் அப்படியே விட்டுவிட்டு, வாசல் கதவைத் திறந்து மழையில் இறங்கினார். நல்ல பஞ்சு. கொட்டை நீக்கி, வெயிலில் காயவைத்து, அவர் கையாலேயே அடைத்த பஞ்சு. வேலியைத் தாண்டும்போது பின்னால் மறுபடியும் கேட்டது.

டொக். டொக். டொக்.

இந்த முறை கண்ணாடியில் இல்லை. கட்டில் மரத்தில்.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. நல்ல பஞ்சு, நல்ல பஞ்சு என்று முணுமுணுத்துக்கொண்டே நடந்தார். தளும்பித் தளும்பிப் பாதியான தண்ணீர்க் குவளை இன்னும் அவர் கையில் இருந்தது.